மஞ்சுளா கேட்ட பெரிய தழும்பு

அன்று காலை தியேட்டரில் இருந்தவர்கள்:

டாக்டர் கலைவாணி. சர்ஜன். ஊர் தென்காசிப் பக்கம். கிளவுஸ் ஆறரை.

டாக்டர் பசவராஜ். மயக்க மருந்து கொடுப்பவர். கன்னடக்காரர். தினமும் அத்திப்பள்ளியிலிருந்து வருவார். ஏழரை.

ஜெயா சிஸ்டர். கருவிகளை எடுத்துக் கொடுப்பவர். சேலம். ஏழு.

குப்பம்மா அக்கா. தரை, துணி, பக்கெட். பெட்டியில் எது இருக்கிறதோ அதை மாட்டிக்கொள்வார். அளவு கிடையாது.

நான். மாதையன். கேமரா பிடிப்பவன். எட்டு.

மேஜை மேல் மஞ்சுளா. பாகலூர்ப் பக்கத்துக் கிராமம். வீட்டில் தெலுங்கு. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை.

ஆட்களை நான் கிளவுஸ் அளவை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். முகத்தில் பாதி மாஸ்க். மீதியைத் தொப்பி மறைத்துவிடும். கை ஒன்றுதான் முழுசாகத் தெரியும்.

தியேட்டர் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி வைக்கிறேன்.

1. கேமரா கைக்கு வந்த கதை

சொந்த ஊர் உத்தனப்பள்ளி. ஓசூருக்கு வந்தது கம்பெனி வேலைக்கு. கிரைண்டிங் மெஷினில் நின்றேன். ஆர்டர் குறைந்தபோது எங்கள் ஷிப்டை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன். அவர் சொல்லி ஸ்ட்ரெச்சர் தள்ள வந்தேன். பிறகு தியேட்டருக்குள் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் கேமரா பிடிக்கிற டெக்னீஷியன் வரவில்லை. அப்போதிருந்த பெரிய டாக்டர் சுற்றிலும் பார்த்தார். என்னைக் கை கழுவச் சொன்னார். கம்பியைக் கையில் கொடுத்தார். நான் சொல்கிற வரைக்கும் ஆடாமல் நில் என்றார். நின்றேன். கிரைண்டிங்கில் நின்றதும் இதுவும் எனக்கு ஒன்றாகத்தான் பட்டது. சத்தம் மட்டும் கிடையாது.

அன்றிலிருந்து கேமரா என் கைக்கு வந்துவிட்டது.

வார்டில் ஜனங்கள் இதை ஓட்டை ஆப்பரேஷன் என்பார்கள். வயிற்றில் மூன்று நான்கு சின்ன ஓட்டை. ஒன்றில் கேமரா. மற்றவற்றில் நீளக் கம்பி மாதிரிக் கருவிகள். உள்ளே காற்றை ஏற்றி வயிற்றை உப்ப வைத்து, டிவியைப் பார்த்தபடி செய்வது. இன்னொன்று ஓப்பன். நெஞ்சுக்குழியில் ஆரம்பித்துத் தொப்புளைத் தாண்டி வெட்டு. இந்த இரண்டும்தான் ஜனங்களுக்குத் தெரியும்.

நடுவில் ஒன்று உண்டு. டாக்டர் தன் இடது கையை வயிற்றுக்குள் விட்டு, வலது கையில் கருவியை வைத்துக்கொண்டு செய்வது. ஹேண்ட் அசிஸ்ட் என்போம். உள்ளே இருப்பது பெரிசாக இருந்தால், ஒட்டிக்கொண்டு இருந்தால், கம்பியால் மட்டும் சமாளிக்க முடியாது. அப்போது கை வேண்டும். வெட்டின இடத்தில் ஒரு வளையம் உட்காரும். அதன் மேல் ஜெல் மாதிரி ஒரு மூடி. கை உள்ளே போனாலும் காற்று வெளியே வராது.

வெட்டின் நீளம் எவ்வளவு என்பதற்குக் கணக்கு சுலபம். கிளவுஸ் ஏழு என்றால் ஏழு சென்டிமீட்டர். ஆறரை என்றால் ஆறரை. டாக்டர் கை எவ்வளவோ, நோயாளிக்குத் தழும்பு அவ்வளவு.

கலைவாணி மேடம் வந்த பிறகுதான் இந்த முறை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது. மஞ்சுளாதான் முதல் ஆள்.

2. மஞ்சுளா கேட்டது

மஞ்சுளாவுக்குச் சின்ன வயதிலிருந்து கண் மஞ்சளாக இருக்கும். ரத்தம் ஏறவே ஏறாது. மண்ணீரல் வீங்கித் தொப்புள் வரைக்கும் இறங்கியிருந்தது. நல்ல ரத்தத்தை அதுவே பிடித்து உடைத்துக்கொண்டிருந்தது. எடுத்தாக வேண்டும். எடுப்பதற்கு முன்னால் போட வேண்டிய தடுப்பூசிகளெல்லாம் போட்டாயிற்று. இரண்டு பாட்டில் ரத்தமும் தயார்.

முதல் நாள் மாலை மேடம் வார்டுக்குப் போனார். மறுநாள் எப்படிப் படுக்க வைக்க வேண்டும் என்று பார்க்க நானும் போனேன். மஞ்சுளா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒல்லி. வயிறு மட்டும் இடது பக்கம் மேடாக இருந்தது. கூட யாரும் இல்லை. மாமியார் டீ வாங்கப் போயிருந்தார்.

சின்ன வெட்டாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம் என்று மேடம் சொன்னார்.

மஞ்சுளா முகம் வாடிவிட்டது.

"மேடம், எனக்குச் சின்னது வேணாம். பெருசாவே அறுத்துடுங்க."

மேடம் சிரித்தார். மஞ்சுளா சிரிக்கவில்லை. மேடம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

மஞ்சுளா சொன்னது இது. முன்பு பித்தப்பையில் கல் இருந்து வேறொரு இடத்தில் ஓட்டை போட்டு எடுத்தார்கள். நாலு ஓட்டை. எடுத்த கல்லைச் சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். கேழ்வரகு மாதிரி இருந்தது. வீட்டில் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார்கள். இதுக்கா ஆப்பரேஷன் என்றார்கள். வயிற்றைப் பார்த்துவிட்டு, கொசு கடித்த மாதிரி இருக்கிறது என்றார்கள். அந்த வாரமே தண்ணீர்க் குடம். மாட்டுக்குத் தீனி. கம்பெனியில் போய் நின்றால் சூப்பர்வைசர் கேட்டது ஒரே கேள்வி. நல்லாத்தானே நடந்து வர, அப்புறம் என்ன? அட்டைப் பெட்டி தூக்குகிற இடத்திலேயே விட்டார்கள். தொப்புளுக்கு மேலே இருந்த ஓட்டை உள்பக்கமாகப் பிரிந்தது. இருமினால் அங்கே எலுமிச்சம்பழம் அளவுக்குப் பிதுங்கும். சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தார்.

"அவங்களுக்கு ஆப்பரேசன்னா ஒரு சாண் இருக்கணும் மேடம். எங்கத்தைக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்க. இங்கேர்ந்து இங்க வரைக்கும். மூணு மாசம் யாரும் அவங்கள ஒரு சொம்பு தூக்க விடல."

"உனக்கு வேண்டியது தழும்பா, ஓய்வா?" என்று மேடம் கேட்டார்.

"ஓய்வுதான் மேடம். தழும்பு இல்லாம ஓய்வு எவன் குடுக்கறான்?"

மஞ்சுளா என்னைப் பார்த்தார். நான் கட்டிலின் சக்கரத்தைப் பார்த்தேன். எங்கள் கம்பெனியிலும் அப்படித்தான். விரல் நசுங்கினவனுக்கு லீவு உண்டு. முதுகு வலிக்கிறது என்றவனுக்குக் கிடையாது.

"பொய்யா பெருசா அறுக்க என்னால முடியாதும்மா. ஆனா நீ கேட்டதை நான் மறக்க மாட்டேன்" என்றார் மேடம்.

வெளியே வந்து மாடிப்படியில் நின்றார்.

"நாளைக்கு வெளிய யாரு இருப்பா, மாதண்ணா?"

"மாமியார் மேடம். முனிரத்தினம்மா. வீட்டுக்காரர் டெம்போ ஓட்டறாரு. வாடகை இருந்தா போயிடுவாரு."

"மாமியார் இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். என்ன நினைத்தார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

3. டிவியில் ஒரு கை

காலையில் மஞ்சுளாவை இடது பக்கம் தூக்கலாக இருக்கும்படி சாய்த்துப் படுக்க வைத்தோம். பசவராஜ் சார் மயக்கம் கொடுத்தார். கொடுக்கும்போது நோயாளியிடம் கன்னடத்தில் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். மஞ்சுளா தெலுங்கில் பதில் சொன்னார். பாதியில் தூங்கிவிட்டார்.

மேடம் ஸ்கேல் வைத்துப் பேனாவால் குறித்தார். பிதுங்கின இடத்தின் மேலேயே. அந்த வழியாகவே கையை விடுவது. முடிக்கும்போது அந்தப் பிரிந்த இடத்தையும் சேர்த்துத் தைத்துவிடுவது. இரண்டு வேலைக்கு ஒரே வெட்டு. மஞ்சுளா கேட்டதை ஜெயா சிஸ்டரிடம் சொல்லியிருந்தேன். அவர் அந்தப் பேனாக் கோட்டைப் பார்த்தார்.

"பாவம், இதைப் பாத்தா அழுவா மேடம்."

மேடம் கத்தியை வாங்கிக்கொண்டார்.

வளையத்தை மாட்டி, காற்றை ஏற்றி, கேமராவை விட்டேன். மண்ணீரல் தெரிந்தது. கறுஞ்சிவப்பு. திரை முழுக்க அதுதான். ஓரம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அப்புறம் ஜெல் மூடி வழியாகக் கை வந்தது.

அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அத்தனை வருஷம் அந்த டிவியில் கம்பி முனைகளைத்தான் பார்த்திருக்கிறேன். கத்தரிக்கோல் மூக்கு, கிளிப் மூக்கு. திடீரென்று அஞ்சு விரல். கலைவாணி மேடம் கை சின்னது. திரையில் அது ராட்சசக் கையாக இருந்தது. வெள்ளை கிளவுஸ் மேல் கேமரா வெளிச்சம் பட்டு, மற்றதெல்லாம் இருட்டாகிவிட்டது. வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். அப்போதும் என் கண் கை பின்னாலேயே போனது. கை போகிற பக்கமெல்லாம் கேமராவைக் கொண்டுபோனேன்.

"மாதண்ணா, என் கையை எனக்குத் தெரியும். அது புடிச்சிருக்கறதைக் காட்டுங்க."

அது வரைக்கும் கருவியின் முனையைத் தொடர்ந்து போவதுதான் கேமராக்காரன் வேலை. கை வந்தால் அந்தச் சட்டம் மாறிவிடும். கை தானாகவே தடவித் தெரிந்துகொள்கிறது. அதற்குக் கண் வேண்டாம். அது தொடப்போகிற இடத்துக்குத்தான் கண் வேண்டும். கையைவிட ஒரு விரல் முன்னால் போய் நிற்கப் பழகினேன். அதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

வேலை நன்றாகத்தான் போனது. கை மண்ணீரலைத் தூக்கிப் பிடிக்கும். தூங்குகிற குழந்தையின் தலைக்குக் கீழே கை கொடுப்பது மாதிரி. வலது கைக் கருவி ஒட்டுதல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கும். பின்பக்கம் பெரிய ரத்தக்குழாய் வரும் இடம்தான் மோசமானது. அங்கே போனபோது மேடம் மூச்சுவிடுகிற சத்தம்கூடக் குறைந்தது.

ஒரு சின்ன ரத்தக்குழாய் கிழிந்தது.

திரை சிவப்பாகிவிட்டது. கேமரா முனையிலேயே ரத்தம் அடித்திருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் அந்த டிவியை நம்பி நிற்பவர்கள். அது போனால் அறையில் இருக்கிற எல்லாருக்கும் கண் போன மாதிரி.

பசவராஜ் சார் தலையைத் தூக்கினார். பிரஷர் இறங்குகிறது என்றார். ரத்தப் பாட்டிலைத் திறந்துவிட்டார்.

"ஓப்பன் டிரே எடுக்கட்டுமா மேடம்?" ஜெயா சிஸ்டர் குரல் மாறியிருந்தது.

"பிரிச்சு வைங்க. தொடாதீங்க."

மேடம் முகத்தைப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தார். இடது தோள் மட்டும் கொஞ்சம் அசைந்தது. பிறகு அதுவும் நின்றது.

"ரெண்டு விரல்ல இருக்கு. நீங்க கேமராவை எடுத்துத் தொடச்சுட்டு வாங்க, மாதண்ணா. அவசரமில்ல."

அவசரமில்லை என்று அவர் சொன்னது எனக்காக. அது எனக்குத் தெரியும். கேமராவை வெளியே எடுத்தேன். டிவியில் தியேட்டர் கூரையும் ஒரு டியூப்லைட்டும் தெரிந்தது. வெந்நீர் பிளாஸ்கில் முனையைத் தோய்த்தேன். துடைத்தேன். குப்பம்மா அக்கா பக்கத்தில் நின்று வாயை அசைத்துக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை. காட்டேரியம்மனைத்தான் கூப்பிட்டிருப்பார்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. இப்போது வயிற்றைத் திறந்தால், மஞ்சுளா கேட்டது கிடைத்துவிடும். ஒரு சாண் இல்லை, ஒன்றரைச் சாண். யாரும் மேடத்தைத் தப்புச் சொல்ல மாட்டார்கள். ஜெயா சிஸ்டரும் அதைத்தான் நினைத்தாராம். அப்புறம் சொன்னார்.

கேமராவை மறுபடி விட்டேன். ரத்தக் குட்டைக்கு நடுவில் அந்த இரண்டு விரல். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். விடாமல் பிடித்திருந்தன. சக்ஷன் போட்டு ரத்தத்தை உறிஞ்சினார்கள். விரலுக்குக் கீழே கிழிசல் தெரிந்தது. நான் விரலைக் காட்டவில்லை. விரல் பிடித்ததைக் காட்டினேன். மேடம் கிளிப்பை வைத்தார். இன்னொன்று வைத்தார். மெதுவாக விரலை எடுத்தார். ஒன்றும் வரவில்லை.

"சரியா போயித்து" என்று பசவராஜ் சார் கன்னடமும் தமிழும் கலந்து சொன்னார். பிரஷர் ஏற ஆரம்பித்தது.

பெரிய குழாயை ஸ்டேப்ளர் போட்டு வெட்டியதும் மண்ணீரல் தனியாக வந்துவிட்டது. அதைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டார்கள். ஓட்டை ஆப்பரேஷனில் வழக்கமாகப் பைக்குள்ளேயே விரலால் உடைத்துக் கூழாக்கித் துண்டு துண்டாக எடுத்துவிடுவார்கள். சீக்கிரம் முடியும். பசவராஜ் சாரும் அதைத்தான் எதிர்பார்த்தார். "பேகா மேடம், பேகா" என்றார். சீக்கிரம் என்று அர்த்தம்.

"உடைக்கல சார். முழுசா எடுக்கறேன். லேபுக்கும் நல்லது."

கொஞ்சம் நிறுத்தி, "வெளிய காட்டணும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அது சுலபமாக வரவில்லை. வளையத்தின் வழியாகப் பையை இழுத்துப் பிடித்து, சாய்த்து, திருப்பி, விட்டு, மறுபடி இழுத்து எடுத்தார்கள். வெட்டை நீட்டவில்லை. மண்ணீரல் மிருதுவானது. மெல்ல மெல்ல வந்தது. ஸ்டீல் பேசினில் விழுந்தபோது பேசின் நிறைந்தது.

கிளவுஸைக் கழற்றும்போது மேடத்தால் இடது கை விரலை மடக்க முடியவில்லை. அத்தனை நேரம் வளையத்துக்குள் இறுகியிருந்த கை. மணிக்கட்டில் இறுக்கமான வளையல் போட்ட மாதிரித் தடம். குப்பம்மா அக்கா அந்தக் கையை வாங்கித் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துவிட்டார். டாக்டர் கையை அவர் தொட்டு நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

4. தியேட்டர் கதவு

உள்ளே எடுத்ததை வெளியே உறவுக்காரர்களுக்குக் காட்டுவது எங்கள் பக்கம் வழக்கம். காட்டாவிட்டால் சந்தேகம் வரும். கல் என்றால் எண்ணிப் பார்ப்பார்கள். குடல்வால் என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். காட்டுவது என் வேலை.

பிரசவ வார்டில் குழந்தை நிறுக்கிற தராசு இருந்தது. பேசினோடு வைத்து, பேசினைக் கழித்துப் பார்த்தோம். ஒரு கிலோ நூறு கிராம்.

மேடம் என்னிடம் ஒன்றுதான் சொன்னார். கூட்டிச் சொல்ல வேண்டாம். குறைத்தும் சொல்ல வேண்டாம். அவர்கள் பார்க்கும் வரைக்கும் துணியை மூட வேண்டாம்.

கதவைத் திறந்தேன். முனிரத்தினம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு. மூக்குத்தி. மடியில் பிளாஸ்டிக் கூடை. என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் பேசினை நீட்டினேன்.

குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"இது அவுளுதா?"

"அவங்களுதுதாம்மா."

"எவ்ளோ இருக்கும்?"

"ஒரு கிலோ நூறு."

கூடையைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் பேசினுக்குக் கீழே கொண்டுவந்து, தொடாமல், ஏந்துகிற மாதிரி வைத்துப் பார்த்தார்.

"இதை வயித்துல வச்சிக்கினா தண்ணி எடுத்துக்கினு இருந்தா?"

"ஆமாம்மா."

முனிரத்தினம்மா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அப்படியே நின்றார். நானும் நின்றேன். பேசின் கனத்தது. மேடம் சொன்னபடி துணியை மூடாமல் நின்றேன்.

"பால் மாடுகூட சினையா இருந்தா ஓட்டிக்கினு போவ மாட்டோம்" என்றார். என்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் கட்டு மாற்றும்போது அவர் பக்கத்தில் இருந்தார். ஜெயா சிஸ்டர் பஞ்சை எடுத்தார். முனிரத்தினம்மா தழும்பைப் பார்த்தார். நாலு விரலைச் சேர்த்து அதன் மேலே, படாமல், வைத்துப் பார்த்தார். நாலு விரலுக்குள் அடங்கிவிட்டது.

"இந்தேனா?" என்று தெலுங்கில் கேட்டார். இவ்வளவுதானா என்று.

மஞ்சுளா கண்ணை மூடிக்கொண்டார். போன தடவை காதில் விழுந்த பேச்சுதான் இப்போதும் விழப்போகிறது என்று நினைத்திருப்பார்.

"இத்துனூண்டு சந்து வழியாவா அதை இழுத்தாங்க? அப்ப உள்ள என்ன பாடு பட்டிருக்கும்?" முனிரத்தினம்மா ஜெயா சிஸ்டர் பக்கம் திரும்பினார். "இவளுக்கு எத்தினி மாசம் வெயிட்டு தூக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுங்க. அந்தக் கம்பெனிக்காரனுக்கு நான் காட்டறேன்."

மஞ்சுளா கண்ணைத் திறக்கவில்லை. ஓரத்தில் தண்ணீர் வந்தது.

5. மூன்று கிலோ

ஆப்பரேஷன் நடந்த அன்று மாலையே வாசல் டீக்கடையில் அந்த மண்ணீரல் ஒன்றரைக் கிலோ ஆகிவிட்டது. அதன் பிறகு பார்க்க வந்த உறவுக்காரர்களுக்கு இரண்டு. பாகலூர் போய்ச் சேர்வதற்குள் மூன்று. அந்தப் பக்கத்திலிருந்து மறுவாரம் வந்த ஒரு நோயாளி, மூன்று கிலோ கட்டியை நாலு விரல் ஓட்டையில் எடுத்த டாக்டரம்மா யார் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க என்ன எடை சொன்னீங்க, மாதண்ணா?"

"ஒண்ணு நூறுதான் மேடம்."

"விடுங்க. ஏறட்டும்."

முனிரத்தினம்மா சொன்னபடி கம்பெனி வரைக்கும் போயிருக்கிறார். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. கேட்டிலேயே நின்று சூப்பர்வைசரை வெளியே வரவழைத்து, அது எவ்வளவு பெரிது என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டியிருக்கிறார். பலாப்பழம் அளவு காட்டினாராம். டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை அந்த ஆள் முன்பு ஒரு தடவைகூட முழுசாகப் படித்ததில்லை. அன்று படித்தார். மஞ்சுளாவுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். பின்னால் மஞ்சுளாவை மறுபடி காட்டக் கூட்டிவந்தபோது டெம்போ ஓட்டுகிற வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சிரித்தார். வீட்டில் தண்ணீர் யார் எடுப்பது என்று குப்பம்மா அக்கா கேட்டார். அவர் சிரிப்பு நின்றது. "நான்தான்" என்றார்.

அதற்குப் பிறகு கையை விட்டுச் செய்கிற ஆப்பரேஷன் நிறையச் செய்தோம். சிறுநீரகம், குடல். கேமராவும் நானும் கைக்குப் பழகிவிட்டோம். ஆறரை கிளவுஸ் பெட்டி எப்போதும் முன்னால் இருக்கும். சில நாள் மேடத்தின் கை டிவியில் வரும்போது, ஒன்றும் செய்யாமல் ஒரு விநாடி உள்ளே சும்மா நிற்கும். இடம் பார்த்துக்கொள்கிற மாதிரி. அந்த ஒரு விநாடிக்காக நான் காத்திருப்பேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மேடம் பிறகு சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டார். பசவராஜ் சார் அத்திப்பள்ளியிலேயே ஆஸ்பத்திரி வைத்துக்கொண்டார். ஜெயா சிஸ்டர் சேலம் போய்விட்டார். குப்பம்மா அக்கா இல்லை. இப்போது கருவிகள் நன்றாக வந்துவிட்டன. கை போட வேண்டிய தேவை குறைந்துவிட்டது. பெங்களூரில் மெஷினே கை மாதிரி வளைந்து செய்கிறதாம். நல்லதுதான். வலி குறைந்தால் நல்லதுதான். டிவியில் அந்தக் கை வராதது மட்டும் எனக்கு ஒரு குறை.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஓட்டை எவ்வளவு சின்னது என்று வெளியே போய்ப் பெருமையாகச் சொல்லாதீர்கள். உள்ளே என்ன நடந்தது என்று சொல்லுங்கள். வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அதுதான் உதவும். ஓட்டை சின்னதாகச் சின்னதாக, சொல்ல வேண்டியது கூடுகிறது.

6. பெஞ்சில்

நான் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். போன மாசம் பிரஷர் மாத்திரைக்காக அதே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டு வாங்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்ப் பெஞ்சில் கம்பெனி யூனிபார்மில் ஒரு பெண். தலையில் கொஞ்சம் நரை. பக்கத்தில் அதே யூனிபார்மில் ஒரு சின்னப் பெண், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

மூத்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார்.

"கேமராக்கார அண்ணாதானே?"

எனக்கு அடையாளம் தெரியவில்லை. மாஸ்க் இல்லாத முகங்கள் எனக்குக் கொஞ்சம் கஷ்டம். அவர் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்தார்.

"ஒரு கிலோ நூறு" என்றார்.

தெரிந்துவிட்டது. கண் வெள்ளையாக இருந்தது.

உட்காரச் சொன்னேன். இப்போது லைன் லீடராம். அவர் லைனில் எல்லாம் பெண்பிள்ளைகள். பாதிப் பேர் வெளியூர், ஹாஸ்டலில் இருப்பவர்கள். கூட வந்த பெண் திருவண்ணாமலைப் பக்கம். பித்தப்பை எடுத்து, தையல் பார்க்க வந்திருக்கிறது. ஓட்டை ஆப்பரேஷன்தான்.

மாமியார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"இருக்காங்கண்ணா. முட்டிதான் வலி. இப்ப அஞ்சு கிலோன்னு சொல்றாங்க."

சிரித்தோம். சின்னப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இந்தப் பாப்பாவுக்கு வேலை?" என்றேன்.

"செக்கிங்ல உக்கார வச்சிருக்கேன். டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் பெட்டி தூக்க விட மாட்டேன்."

"தழும்பைப் பாத்தியா?"

"பாக்க மாட்டேண்ணா. என்ன எடுத்தாங்கன்னு மட்டும் கேப்பேன்."

"மேல இருக்கறவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லுவாங்க. டார்கெட் போவுதுன்னு கத்துவாங்க. வாங்கிக்குவேன்."

டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். அவர்களுடையதுதான். சின்னப் பெண் எழுந்தது. மஞ்சுளா அதன் பையைத் தான் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இது மாதிரி எத்தனை பேரை உக்கார வச்சிருப்ப?"

நின்று விரல் விட்டு எண்ணினார். ஒரு விரலில் வந்து தயங்கினார்.

"ஒருத்தி பொய் சொல்லிட்டாண்ணா. ஆப்பரேசனே பண்ணிக்கல. அப்புறமாத்தான் தெரிஞ்சிது. அவளையும் சேக்கறதா?"

"சேத்துக்க."

அந்த விரலையும் மடக்கினார்.

"பதினொண்ணு."